கொலஸ்ட்ரால் 9 புள்ளி குறைந்தது. அதில் உண்மையில் குறைந்தது எது?

கடிதத்தின் சுருக்கம்

பெயர் வெளியிட விரும்பாத 49 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ரத்த அழுத்தத்துக்காக ஐந்து ஆண்டுகளாக, சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் தையசைடு வகை மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அவருடைய அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்திருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்த கொலஸ்ட்ரால் 242, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 260, 'நல்ல' கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 38, 'கெட்ட' கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 152. எல்லாமே ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. மருத்துவர், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஒருமுறை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க விட முடியாதாமே, தசைவலியும் வருமாமே" என்ற பயத்தில் அவர் அதை வாங்கவே இல்லை.

துத்தநாகம் (ஜிங்க்) குறைந்தால் ரத்தத்தில் கொழுப்பு ஏறும் என்று எங்கோ படித்ததும், தானாகவே போய் ரத்தத்தில் ஜிங்க் அளவைப் பார்த்திருக்கிறார். ஒரு டெசிலிட்டருக்கு 62 மைக்ரோகிராம் வந்தது. 70-க்குக் கீழே என்பதால் 'குறைவு' என்று அறிக்கையில் குறித்திருந்தார்கள். ரத்தம் கொடுத்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்றரை மணிக்கு. அதற்கு முந்தைய வாரம்தான் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தார். நகத்தில் வெள்ளைப் புள்ளிகள், முடி உதிர்தல் இரண்டும் இருந்ததால் குறைபாடுதான் என்று முடிவு செய்து, ஜிங்க் சல்ஃபேட் 220 மி.கி. மாத்திரையைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார். இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லை; பாலும் தயிரும் உண்டு. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று நம்பி வேளைக்கு மூன்று ஸ்பூன் கோதுமைத் தவிட்டைப் பச்சையாகவே சாப்பாட்டில் கலந்துகொள்கிறார்.

இப்போது எடுத்த பரிசோதனையில் மொத்த கொலஸ்ட்ரால் 233, ட்ரைகிளிசரைடு 250, எச்.டி.எல். 32, எல்.டி.எல். 151. "9 புள்ளி இறங்கிவிட்டது. இன்னும் மூன்று மாதம் தொடரட்டுமா? ஸ்டாட்டின் இல்லாமலே சமாளிக்க முடியுமா? என் 15 வயது மகளுக்கும் முடி கொட்டுகிறது என்று ஒரு மாதமாகத் தினம் ஒரு மாத்திரை கொடுக்கிறேன், சரிதானே?" என்று கேட்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், "சில வாரங்களாக இரண்டு பாதங்களிலும் ஊசி குத்துவது போல் இருக்கிறது, வயசாகிறது போல" என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்; காரணங்களை அப்புறம் பார்ப்போம். இந்த ஜிங்க் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், நீங்களும் மகளும். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. பாதத்தில் ஊசி குத்துவதை வயதின் மேல் போடாதீர்கள். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

இனி உங்கள் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மொத்த கொலஸ்ட்ரால் என்பது தனிப் பொருள் அல்ல. எச்.டி.எல்., எல்.டி.எல்., ட்ரைகிளிசரைடை அதிகம் சுமக்கும் வி.எல்.டி.எல். ஆகிய மூன்றும் சுமந்து செல்லும் கொலஸ்ட்ராலின் கூட்டுத்தொகை அது. வி.எல்.டி.எல். அளவைப் பெரும்பாலான லேப்கள் தனியாக அளப்பதில்லை. ட்ரைகிளிசரைடை 5-ஆல் வகுத்துப் போட்டுவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் முதல் அறிக்கையில் 38 + 152 + 52 = 242. இரண்டாவதில் 32 + 151 + 50 = 233. இறங்கிய 9 புள்ளியில் எல்.டி.எல். பங்கு 1, வி.எல்.டி.எல். பங்கு 2, மீதி 6 புள்ளியும் எச்.டி.எல். இழந்தது. ரத்தக்குழாய்க்குத் தீங்கு செய்யும் பகுதியை மட்டும் பார்க்க, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால் போதும்: அன்று 204, இன்று 201. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்த வாரம் எடுத்தாலே இந்த அளவு வித்தியாசம் வரும். ஆகவே குறைய வேண்டியது குறையவில்லை. குறையக் கூடாத எச்.டி.எல்.தான் சுமார் 16 சதவீதம் இறங்கியிருக்கிறது.

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து "இது ஜிங்க் மாத்திரையால்தான்" என்று அடித்துச் சொல்ல மாட்டேன், எச்.டி.எல்.-உம் இயல்பாகவே கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனால் இறங்கிய திசை, நீங்கள் எடுத்த அளவில் எதிர்பார்க்கக்கூடிய திசைதான். 1980-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 12 ஆண்களுக்குத் தினமும் 440 மி.கி. ஜிங்க் சல்ஃபேட் ஐந்து வாரம் கொடுத்தார்கள். அவர்களின் எச்.டி.எல். சராசரி 40.5-இலிருந்து 30.1-க்கு விழுந்தது. மொத்த கொலஸ்ட்ராலிலும் எல்.டி.எல்., ட்ரைகிளிசரைடிலும் மாற்றமில்லை. நீங்கள் விழுங்குவதும் தினம் 220 + 220 = 440 மி.கி. அந்த ஆய்வில் மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் எச்.டி.எல். பழைய நிலைக்கு அருகே திரும்பியது என்பதால், இந்த விஷயத்தில் நீங்கள் கலங்க வேண்டாம்.

குறைபாடு கொழுப்பை என்ன செய்கிறது?

நீங்கள் படித்தது முழுப் பொய் இல்லை. பாதி உண்மையை வைத்து மருந்தை மாற்றிக்கொண்டதுதான் சிக்கல்.

உடம்பில் மொத்தம் 2 முதல் 3 கிராம் துத்தநாகம் இருக்கிறது. பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும். இரும்புச்சத்துக்கு இருப்பதுபோல, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளச் சேமிப்பு என்று தனியாக எதுவும் இல்லை. அதனால் தினசரி உணவில் வந்துகொண்டே இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான நொதிகளுக்கு அது தேவை. கொழுப்பு விஷயத்தில் முக்கியமான இடங்கள் நான்கு.

முதலாவது இன்சுலின். கணையத்தில் இன்சுலின் ஆறு ஆறு மூலக்கூறுகளாகச் சேர்ந்து, நடுவில் துத்தநாகத்தை வைத்துக் கட்டித்தான் சேமிக்கப்படுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கட்டுப்பாடின்றி வெளியேறி கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. இரண்டாவது, கல்லீரலில் கொழுப்பை எரிக்கும் மரபணுக்களை இயக்கும் சில புரதங்கள். டி.என்.ஏ.-வைப் பிடித்துக்கொள்ளும் விரல் போன்ற பகுதிகளின் வடிவம் குலையாமல் இருக்க அவற்றுக்குத் துத்தநாகம் வேண்டும். மூன்றாவது, தாவர எண்ணெயிலுள்ள லினோலியிக் அமிலத்தை உடம்பு பயன்படுத்தும் அடுத்த வடிவங்களாக மாற்றும் நொதி. நான்காவது குடல். சாப்பிட்ட கொழுப்பைச் சிறு உருண்டைகளாகக் கட்டி நிணநீரில் அனுப்பும் வேலை, துத்தநாகம் குறைந்த எலிகளில் தடுமாறுகிறது.

இந்த நான்காவதைக் கவனியுங்கள். கொழுப்பு உள்ளே வருவதே குறைந்தால் ரத்தத்தில் கொழுப்பு கூடாது, குறையத்தான் செய்யும். துத்தநாகமே இல்லாத தீனி கொடுத்த எலிகளில் கொலஸ்ட்ரால், குறிப்பாக எச்.டி.எல்., இறங்கியதாகவே பல ஆய்வுகள் வந்தன. ரத்தக்குழாய் அடைப்பு எளிதில் வரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளிலோ வி.எல்.டி.எல்.-உம் ட்ரைகிளிசரைடும் ஏறின. இன்னொரு சிக்கலும் உண்டு: துத்தநாகம் இல்லாவிட்டால் எலிக்குச் சில நாளிலேயே பசி போய்விடும், தின்பது பாதியாகிவிடும். ரத்தத்தில் தெரியும் மாற்றம் துத்தநாகத்தால் வந்ததா, பட்டினியால் வந்ததா என்று பிரிக்க, அதே குறைந்த அளவு தீனியை மட்டும் கொடுத்த இன்னொரு கூட்டம் எலிகளோடு ஒப்பிட வேண்டியிருக்கும். அப்படி ஒப்பிடாத ஆய்வின் முடிவை நம்பி மாத்திரை வாங்க முடியாது. ஆக, "குறைபாடு என்றால் கொலஸ்ட்ரால் ஏறும்" என்ற நேர்க்கோடு எலியிலேயே இல்லை.

மனிதர்களில் இன்னும் ஒரு குழப்பம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சிறுநீரில் துத்தநாகம் அதிகம் வெளியேறும். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு இறங்கும். இதே ஆட்களுக்கு ட்ரைகிளிசரைடும் கூடுதலாக இருக்கும். ஜிங்க் குறைவும் கொழுப்புக் கூடுதலும் ஒரே அறிக்கையில் சேர்ந்து தெரிந்தாலும், ஒன்று மற்றதற்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் பின்னால் மூன்றாவதாக ஒன்று இருக்கலாம். உங்கள் விஷயத்தில் எனக்கு இருக்கும் சந்தேகமே அதுதான், கீழே சொல்கிறேன்.

மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தவர்களும் ஒரே குரலில் பேசவில்லை. 2010-இல் வந்த ஒரு தொகுப்பு, ஆரோக்கியமானவர்களுக்குக் கொழுப்பில் பலன் ஏதும் இல்லை, எச்.டி.எல். சற்று இறங்குகிறது என்றது. 2015-இல் வந்த இன்னொன்று, மொத்த கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., ட்ரைகிளிசரைடு மூன்றும் கொஞ்சம் குறைவதாகச் சொன்னது. அந்தக் 'கொஞ்சம்' சராசரியாகப் 10 மி.கி.-ஐ ஒட்டித்தான். உண்மையிலேயே குறைபாடு உள்ளவர், சர்க்கரை நோயாளி போன்றவர்களுக்கு அளவான ஜிங்க் சிறு உதவி செய்யலாம் என்பதே நான் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது. மிதமான அளவு ஸ்டாட்டின் எல்.டி.எல்.-ஐ 30 சதவீதத்துக்கு மேல் இறக்கும். உங்கள் 152 அப்போது 106 அல்லது அதற்கும் கீழே வரும். ஜிங்க் எந்த விதத்திலும் அந்த இடத்தை நிரப்பாது.

62 என்ற அந்த எண்

ரத்தத்தில் ஜிங்க் அளவு பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது போல எளிதில் நம்பத்தக்க சோதனை அல்ல. உடம்பிலுள்ள துத்தநாகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தின் திரவப் பகுதியில் ஓடுகிறது. அந்தச் சிறு பங்கும் நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் கூடுதலாக இருக்கும், பிற்பகலில் இறங்கும், சாப்பிட்டதும் இன்னும் இறங்கும். காய்ச்சல், தொற்று எது வந்தாலும் துத்தநாகம் ரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் போய்விடும். அதைத் தூக்கிச் செல்வது ஆல்புமின் புரதம் என்பதால், ஆல்புமின் குறைந்தாலும் இது குறைந்தே காட்டும்.

அதனால்தான் துத்தநாக நிலையை மதிப்பிடும் வல்லுநர்கள் நேரத்துக்கு ஏற்ப வெவ்வேறு எல்லைகள் வைத்திருக்கிறார்கள். வயது வந்த பெண்ணுக்குக் காலை வெறும் வயிற்றில் 70 மைக்ரோகிராம், பிற்பகலில் 59. உங்கள் லேப் மூன்றரை மணி ரத்தத்துக்குக் காலை எல்லையை வைத்துக் குறைவு என்று குறித்துவிட்டது. பிற்பகல் எல்லையில் 62 குறைவே அல்ல. அதுவும் காய்ச்சலுக்கு அடுத்த வாரம். உங்களுக்குக் குறைபாடு இல்லவே இல்லை என்று இதை வைத்தும் சொல்ல முடியாது. அந்தச் சோதனை இரண்டு பக்கமும் சாட்சி சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுபடி பார்ப்பதானால், ஜிங்க் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாவது போகட்டும். உடம்புக்கு ஒன்றுமில்லாத நாளில், காலை வெறும் வயிற்றில் கொடுங்கள். நுண்தாதுக்கள் கலக்காத தனிக் குழாயில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கலந்து எண்ணை உயர்த்திவிடும். எடுத்த ரத்தம் நெடுநேரம் பிரிக்கப்படாமல் கிடந்தாலும், சிவப்பணுக்கள் உடைந்தாலும் அதே தவறு வரும். கூடவே ஆல்புமினும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.-யும் பார்த்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும். உங்கள் பழைய கல்லீரல் சோதனையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற வரியையும் ஒருமுறை பாருங்கள். அது துத்தநாகத்தை வைத்து இயங்கும் நொதி. இயல்புக்குக் கீழே இருந்தால் ஒரு சின்னத் தடயம்.

நகத்தின் வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் நகத்தின் அடியில் பட்ட சிறு அடியின் தழும்பு. நகம் வளர வளர முன்னே நகர்ந்து போய்விடும். முடி உதிர்வதற்கு உங்கள் வயதில் தைராய்டையும் இரும்புச்சத்தையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுவை தெரியாமல் போவது, புண் ஆற நாளாவது, வாயைச் சுற்றித் தோல் வெடிப்பது, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, அடிக்கடி தொற்று ஆகியவை சேர்ந்து வந்தால் துத்தநாகத்தை நினைக்கலாம். உங்கள் கடிதத்தில் அவை எதுவும் இல்லை.

பாதத்தில் குத்துவதை ஏன் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்

220 மி.கி. ஜிங்க் சல்ஃபேட்டில் இருக்கும் தனித் துத்தநாகம் சுமார் 50 மி.கி. நீங்கள் எடுப்பது தினம் 100 மி.கி. வயது வந்த பெண்ணின் தேவை 8 மி.கி.-ஐ ஒட்டி, உணவும் மாத்திரையும் சேர்த்துத் தாண்டக் கூடாத மேல்வரம்பு, அமெரிக்கக் கணக்கில் 40 மி.கி., ஐரோப்பியக் கணக்கில் 25 மி.கி. நீங்கள் மூன்று மாதமாக எடுப்பது அந்த வரம்பைப் போல இரண்டரை முதல் நான்கு மடங்கு.

துத்தநாகம் அதிகமானால் குடலின் உட்சுவர் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை நிறையச் செய்யும். அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். செல் சில நாளில் உதிரும்போது பிடித்த செம்பும் மலத்தோடு போய்விடும். இப்படியே மாதக்கணக்கில் போனால் செம்புச்சத்துக் குறைபாடு வரும்: ரத்தசோகை, வெள்ளையணுக் குறைவு, பிறகு தண்டுவடப் பாதிப்பு. பாதம் மரத்தல், ஊசி குத்தல், இருட்டில் நடந்தால் தள்ளாடுதல் என்று அது தொடங்கும். ரத்த மாற்றங்கள் செம்பு கொடுத்தால் சரியாகிவிடும். நரம்புப் பாதிப்பு எல்லாருக்கும் முழுதாகத் திரும்புவதில்லை. நான் அவசரப்படுத்துவது அதனால்தான்.

உங்களுக்கு வந்திருப்பது அதுதான் என்று சொல்லவில்லை. இறைச்சி, மீன், முட்டை இல்லாத உணவில் பி12 குறைவும் இதே மாதிரி காலைக் குத்தும். அதைவிட, ட்ரைகிளிசரைடு 260, எச்.டி.எல். 38, கூடவே ரத்த அழுத்தம் என்ற மூன்றும் ஒன்றாக இருப்பது, இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடம்பின் அடையாளம். மேலே சொன்ன 'மூன்றாவது' இதுவாக இருக்கலாம். சர்க்கரை நோயும் பாதத்தைக் குத்தும். உங்கள் கடிதத்தில் சர்க்கரை பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

ஆகவே மருத்துவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்: முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, செம்பு அளவோடு அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதம், பி12, மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி., தைராய்டுக்கு டி.எஸ்.எச்., இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், கல்லீரல் நொதிகள். இதில் தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை மூன்றும் கொழுப்பை ஏற்றும் காரணங்கள்; ஸ்டாட்டினுக்கு முன் பார்த்தே ஆக வேண்டியவை. தையசைடு மாத்திரையும் ட்ரைகிளிசரைடைச் சற்று ஏற்றும், சிறுநீரில் துத்தநாகத்தைக் கொஞ்சம் கூடுதலாக வெளியேற்றும். வேறு வகைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள், முடிவு அவருடையது. குத்தல் முழங்காலை நோக்கி ஏறினாலோ, நடையில் தள்ளாட்டம் வந்தாலோ, முன்பதிவு நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.

ஸ்டாட்டின் பற்றிய பயம்

"விடவே முடியாது" என்பதை ஒரு பிடிமானம் போல நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அப்படி அடிமையாக்கும் குணம் ஸ்டாட்டினுக்குக் கிடையாது. நிறுத்தினால் எல்.டி.எல். சில வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். நீண்ட காலம் சாப்பிடச் சொல்வது, ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவதும் நீண்ட காலம் நடக்கிற வேலை என்பதால். தசைவலி சிலருக்கு வரும். வந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு அது சற்றே ஏறக்கூடும், எச்.பி.ஏ.1சி.-யை முதலிலேயே பார்த்து வைப்பது அதற்காகவும்தான். மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை என்றால், கருத்தரிக்கும் வாய்ப்பு பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முடிவு உங்களுடையது, மருந்தை மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் எடைபோடும் தட்டில் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து மறுக்க வேண்டும். நெருங்கிய ஆண் உறவினருக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருப்பதும், ரத்த அழுத்தமும், எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் 200-ஐத் தாண்டியிருப்பதும் ஒரே பக்கம் சாய்கின்றன. உங்கள் இடத்தில் என் நெருங்கிய உறவினர் இருந்தால் ஆரம்பிக்கத்தான் சொல்வேன். ஆரம்பித்த ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி கொழுப்புப் பரிசோதனை எடுங்கள். அதற்குள் ஜிங்க் நின்றிருக்கும் என்பதால் எச்.டி.எல். எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும். ட்ரைகிளிசரைடுக்கு முதல் மருந்து உணவுதான்: சர்க்கரை, இனிப்புப் பானம், மாவுப் பண்டம், மது இருந்தால் அது, எல்லாவற்றையும் குறையுங்கள். கூடுதல் எடை இருந்தால் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கும்.

தவிடும் தட்டும்

கோதுமைத் தவிட்டின் நார் கரையாத நார். மலச்சிக்கலுக்கு நல்லது, கொலஸ்ட்ராலைக் குறைக்காது. குறைப்பது கரையும் நார்: ஓட்ஸ், பார்லியிலுள்ள பீட்டா குளூக்கான் தினம் 3 கிராம், அல்லது இசப்கோல் தினம் 10 கிராம் அளவில் எல்.டி.எல்.-ஐ 5 சதவீதமோ சற்று மேலோ இறக்கும். பச்சைத் தவிட்டில் ஃபைட்டேட் மிக அதிகம். அது குடலில் துத்தநாகத்தோடு ஒட்டிக் கரையாத கூட்டாகி, உறிஞ்ச விடாமல் வெளியே தள்ளிவிடும். 1960-களின் தொடக்கத்தில் மருத்துவர் ஆனந்த பிரசாத், ஈரானிலும் பிறகு எகிப்திலும் வளர்ச்சி குன்றிய இளைஞர்களிடம் துத்தநாகக் குறைபாட்டை முதன்முதலில் அடையாளம் கண்டபோது, அவர்கள் உணவில் பெரும்பகுதி புளிக்காத முழுமாவு ரொட்டிதான். ஒரு பக்கம் தவிட்டால் துத்தநாகத்தைத் தடுத்து, மறுபக்கம் மாத்திரையால் கொட்டுவது வேண்டாத வேலை. தவிட்டை விடுங்கள்.

உங்களைப் போல் தானியமும் பருப்புமாகச் சாப்பிடுபவர்களுக்கு, உறிஞ்சுவது குறைவு என்பதால், தேவை 8-ஐத் தாண்டி 12 மி.கி.-ஐ ஒட்டிப் போகலாம். அதையும் சாப்பாட்டிலேயே எட்டிவிடலாம். பூசணி விதை 30 கிராமில் 2 மி.கி.-க்குச் சற்று மேல், வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் 2.5, வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் ஏறத்தாழ அதே அளவு, முந்திரி 30 கிராமில் 1.6, ஓட்ஸ் 40 கிராமில் 1.5, பாலோ தயிரோ 250 மில்லியில் 1 முதல் 1.5. இவ்வளவும் சேர்ந்தால் 11-ஐத் தாண்டும். கடலை, பயறு, பருப்பை இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். முளைகட்டினால் இன்னும் நல்லது. மாவைப் புளிக்க வைத்தாலும் ஃபைட்டேட் உடையும். கால்சியம் மாத்திரையோ இரும்பு மாத்திரையோ சாப்பிடுவதாக இருந்தால், பருப்பும் விதையும் அதிகமுள்ள வேளையில் வேண்டாம்.

முறையாக எடுத்த இரண்டாவது சோதனையிலும் குறைவு உறுதியானால், மருத்துவர் மேற்பார்வையில் தினம் 15 முதல் 30 மி.கி. தனித் துத்தநாகம், சுமார் மூன்று மாதம், பிறகு மறு சோதனை என்பது வழக்கமான பாதை. அட்டையில் இருக்கும் எண் உப்பின் எடையா, தனித் துத்தநாகத்தின் எடையா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் குழப்பம் அங்கேதான் தொடங்கியது. வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பிட்ட பிறகு எடுக்கலாம். சிப்ரோஃபிளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாளில் அவற்றை முதலில் எடுத்து, இரண்டு மணி நேரமாவது கழித்துத்தான் ஜிங்க். சேர்த்து எடுத்தால் ஆன்டிபயாட்டிக் சரியாக வேலை செய்யாது.

மகள்

15 வயதுப் பெண்ணின் தேவை 9 மி.கி.; அந்த வயதின் மேல்வரம்பு 34. தினம் ஒரு மாத்திரை என்றால் 50 மி.கி. போயிருக்கிறது. ஒரு மாதம்தான் என்பதால் பெரிய பாதிப்பு ஏற்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. நிறுத்திவிட்டு, அவளையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் ஃபெரிட்டினும் பாருங்கள். மாதவிடாய் அதிகம் போகும் பதின்வயதுப் பெண்களுக்கு முடி கொட்டுவதில் இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி காணும் காரணம். எடையைக் குறைக்கச் சாப்பாட்டைத் தவிர்க்கிறாளா, இரண்டு மூன்று மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல் வந்ததா என்றும் கேளுங்கள். காய்ச்சலுக்குப் பின் கொட்டும் முடி ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்று திரும்ப வளர்ந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது இரண்டு கொழுப்பு அறிக்கைகள், ஜிங்க் அறிக்கை, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டாட்டினை வாங்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் அதைச் சாப்பிட்டும் எல்.டி.எல். இறங்கவில்லை என்று அவர் நினைத்துவிட்டால், அளவை வீணாகக் கூட்டி எழுதிவிடுவார்.